முட்டத்துப் பாறையில் வெள்ளைத் துண்டு

முட்டம். வண்டிக்காரர் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டுகிறார். நான் கடலோரப் பாறைமேல் ஏறி நிற்கிறேன். காலை வெயிலில் சற்றுத் தொலைவில் நான்கு கட்டுமரங்கள். தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்து, சும்மா ஒரு சந்தோஷத்தில், தலைக்கு மேல் வீசுகிறேன். நான்கும் கரையை நோக்கித் திரும்புகின்றன. எனக்குத்தான் எவ்வளவு மரியாதை என்று பூரித்துப் போகிறேன்.

கீழே மீன் உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெண் மூச்சிரைக்க ஏறி வருகிறாள்.

"என்ன வேல செஞ்சிய அய்யா? இங்க நின்னு வெள்ளத்துணி வீசுனா, வீட்டுல சாவு, உடனே வாங்கன்னு அர்த்தம்."

"யார் வீட்டுலன்னு நெனப்பாங்க?"

"அவியவிய வீட்டுலன்னுதான் நெனப்பாவ."

"ஒண்ணுமில்லன்னு காட்ட என்ன அடையாளம்?"

"அதுக்கு இதுவர அவசியம் வரல்லியே."

குடிசைகளைப் பார்த்து அவள் கத்துகிறாள். பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து நீரோரம் வரிசையாக நிற்கிறார்கள். நெருங்கி வந்த முதல் கட்டுமரத்தில் ஒருவன் எழுந்து வரிசையை உற்றுப் பார்க்கிறான். தன் வீட்டாரைக் கண்டதும் உட்கார்ந்து, மறுபடி கடலுக்குத் திரும்புகிறான். அடுத்த இரண்டும் அப்படியே. நான்காவது மட்டும் திரும்பாமல், இன்னும் வேகமாக வருகிறது.

"அதுல எங்க வீட்டுக்காரரு. என்னயத் தேடுதாரு."

பாறையிலிருந்து இறங்கி ஓடுகிறாள். முழங்கால் தண்ணீரில் நின்று இரண்டு கைகளையும் உயர்த்துகிறாள். துடுப்பு நிற்கிறது. கட்டுமரம் வெகுநேரம் திரும்பாமல் அங்கேயே அசைகிறது.

கீழே வண்டிக்காரர் கிளம்பலாமா என்று கையசைத்துக் கேட்கிறார். பதிலுக்குக் கையைத் தூக்காமல் இறங்குகிறேன்.