டம்ளரின் அடியில் தண்ணீர்

வண்டிக்குப் பெட்ரோல் போடும்போது எழுந்த வாசனை, இன்று வீட்டுமனைகளாகிவிட்ட எங்கள் சின்னமனூர் திராட்சைத் தோட்டத்துக்கு என்னைக் கொண்டுபோனது. மழைக்கு முன் மருந்து அடிக்காவிட்டால் கொத்தெல்லாம் அழுகிவிடும் என்றிருந்த ஒரு காலையில், மருந்தடிக்கும் இன்ஜின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. அம்மா கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றி, அதிலிருந்ததைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றினாள். பெட்ரோலுக்கு அடியில் தண்ணீர் முத்துமுத்தாய் உருண்டது.

முந்தின நாள் கேனைக் கழுவி, காயவைக்காமல் பெட்ரோல் நிரப்பியது நான்தான் என்று சொல்லிவிட்டு அழுதேன்.

“அதான் சொல்லிட்டேல்ல, அழுவாத புள்ள. இங்கன வந்து டேங்கப் பிடி, கவுக்கணும்.”

டேங்கைக் காலிசெய்து, கிண்ணத்தைத் துடைத்து, புதுப் பெட்ரோல் ஊற்றி அம்மா கயிற்றை இழுக்க, மூன்றாம் இழுப்பில் இன்ஜின் படபடவென்று பிடித்துக்கொண்டது. சாயங்காலம் மழை இறங்கியபோது இலைகளில் மருந்து காய்ந்திருந்தது.

“இனிமே கொட்டட்டும்,” என்றாள் அம்மா.