கடுகைப் பார்த்த கண்

கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆன புதிது. ஓசூரில் வாட்ச் பாகங்கள் செய்யும் சின்ன கம்பெனி ஒன்றில் எனக்குத் திருகு மாட்டும் மேசை. கடுகைவிடச் சின்னத் திருகு. ஐகிளாஸ் என்கிற குட்டிப் பூதக்கண்ணாடியை வலது கண்ணில் மாட்டிக்கொண்டு, பாகத்தை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வேலை செய்வோம். அதன் கம்பியை அவரவர் தலைக்கு ஏற்றபடி வளைத்து வைத்திருப்போம். ஒருத்தியுடையது இன்னொருத்திக்குச் சேராது. அதனால் வீட்டுக்கும் கையோடு கொண்டுவந்துவிடுவோம்.

அந்த வலது கண்ணில்தான் நாற்பது வயதிலேயே புரை விழுந்தது. ஆபரேஷன் செய்து, உள்ளே லென்ஸ் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். தலைக்குக் குளிக்காதே, குனியாதே, கசக்காதே. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். டாக்டர் சொன்னதில் பாதி புரியவில்லை. புரியாத பாதிக்கும் சேர்த்துப் பயந்தேன். தும்மினால் லென்ஸ் தெறித்து விழுந்துவிடும் என்று மூக்கைப் பிடித்துக்கொள்வேன். எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் வேறு. பார்வை பழையபடி வராவிட்டால் மேசை போய்விடும். அட்டைப்பெட்டி ஒட்டும் பக்கம் தள்ளிவிடுவார்கள்.

கட்டுப் பிரித்ததும் தெரு தெரிந்தது. எதிர்மாடியில் காயும் சேலையின் கரைகூடத் தெரிந்தது. எனக்கு அது போதவில்லை. அடுப்படிக்குப் போய், ஒரு கடுகை விரல் நுனியில் எடுத்து, மேசையில் பிடிப்பது மாதிரியே வலது கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்தேன். வெறும் கறுப்புப் புகை. மறுநாளும் பார்த்தேன். அதே புகை.

என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். "கடுகுகிட்ட என்ன பேச்சு?"

"போச்சுங்க. என் கண்ணு போச்சு."

"நேத்து செவுத்துல பல்லி இருக்குதுன்னு நீதான காட்டுன?"

"பல்லியப் பாத்தா சம்பளம் குடுப்பாங்களா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தான், தளியிலிருந்து வேலைக்கு வரும் என் பக்கத்து மேசைக்காரி, பை நிறைய பீன்ஸோடு உள்ளே நுழைந்தாள்.

"அய்யோ அக்கா, புதுக் கண்ணுக்கா அது! அழுவாத!"

விஷயத்தைச் சொன்னேன். "எங்க, எப்படிப் பாத்த? காட்டு" என்றாள். கடுகைக் கண் முன்னால் பிடித்துக் காட்டினேன். அவளும் ஒரு கடுகை எடுத்துத் தன் கண்ணுக்கு முன்னால் அதே மாதிரி பிடித்தாள். அப்படியே சுவரில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தாள்.

"எனக்கும் ஒண்ணும் தெரியலக்கா! அப்ப எனக்கும் ஆபரேஷனா? ஐகிளாஸ் எங்க? இத்தன வருசமா அத மாட்டிட்டுப் பாத்துட்டு, வெறுங்கண்ணுல அந்தத் தூரத்துல பாத்தா சாமிக்கே தெரியாது!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கை மட்டும் பழக்கத்துக்குப் போயிருக்கிறது. கண்ணாடி இல்லை என்பது புத்தியில் ஏறவே இல்லை. மாட்டினால் கண்ணில் அழுத்தும் என்று பயந்து, அதை என் வீட்டுக்காரர் பீரோவுக்கு மேலே ஒளித்து வைத்திருந்தார். அவரே எடுத்துக் கொடுத்தார். "மாட்டாத. கண்ணுல முட்டாம கையில புடி."

பிடித்தேன். கடுகை மெல்லக் கிட்டே கொண்டுவந்தேன். புகை விலகியது. ஒரு பெரிய உருண்டை. அதன் தோல் முழுக்க வலை பின்னியதுபோல் கோடுகள். இத்தனை நாள் தாளித்துக் கொட்டியதில் ஒருநாளும் நான் பார்க்காத கோடுகள்! புரை விழுவதற்கு முன்னால்கூட இவ்வளவு வெளிச்சமாக எதையும் பார்த்த ஞாபகம் இல்லை.

"இன்னொண்ணு குடுடி" என்றேன். அதையும் பார்த்தேன். பிறகு அவள் முகத்தைப் பிடித்து இழுத்தேன்.

"மூக்குத்தியக் கழுவவே மாட்டியா? கல்லுச் சந்துல அவ்வளவு அழுக்கு."

"சரிதான். கண்ணு வந்துட்டா என் மூக்குக்குத்தான் கேடு" என்று அவள் முகத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

"போயி சூப்பர்வைசர்கிட்ட சொல்லு. டாக்டர் சரின்னு சொன்ன மறுநாள் நான் வரேன். அதுவரைக்கும் என் மேசையில எவளும் உக்காரக் கூடாது!"

பேசியது நான்தானா என்று என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.