பாப்பா தூங்கும் நேரத்துப் பள்ளிக்கூடம்

குளிப்பாட்டி முடித்த கைக்குழந்தையின் தலையில் ஏறியிருக்கும் சாம்பிராணி வாசனை எங்கே வந்தாலும் எனக்குக் குரல் தானாகத் தாழ்ந்துவிடுகிறது. மலேசியாவில், கோலா சிலாங்கூருக்கு வடக்கே, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டமொன்றின் லயத்து வரிசை வீட்டில், ஏழு வயதிலிருந்து ஒன்பது வயது வரை நான் படித்த பள்ளிக்கூடம் அந்த வாசனையோடுதான் தொடங்கும். தங்கை செல்வி ஸ்பிரிங் தொட்டிலில் கண்ணயர்ந்ததும் அம்மா பாடத்தை ஆரம்பிப்பார். அவள் முழித்துக்கொண்டால் வாசிப்பு முடிந்தது என்று பொருள்.

என் வயதுப் பிள்ளைகளெல்லாம் வேன் ஏறிப் பள்ளிக்குப் போனபோது நான் மட்டும் வீட்டில் இருந்ததற்குக் காரணம், எனக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை. அடைமழை நாளொன்றில் லயத்து வீட்டிலேயே மருத்துவச்சி கையில் பிறந்தவள் நான். அப்பாவும் அம்மாவும் அப்போது கோயிலில் தாலி கட்டியதோடு சரி, கல்யாணத்தைப் பதியவில்லை. தோட்டத்து லோரி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா, "அடுத்த வாரம் போலாம்லா, அடுத்த வாரம் போலாம்லா" என்று சொல்லிச் சொல்லியே எனக்கு ஏழு வயதாக்கிவிட்டார். தம்பி குமாரும் செல்வியும் ஆஸ்பத்திரியில் பிறந்ததால் அவர்களுக்கு இந்தத் தொல்லை வரவில்லை. அப்பா நல்ல மனிதர், குடி கிடையாது, எங்களை ஒருநாளும் கை நீட்டி அடித்ததில்லை. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் அவர்மீது எனக்குக் கோபம் உண்டு, இன்றைக்கும் உண்டு.

பத்திரம் இல்லாமல் சேர்க்க முடியாது என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். பதிவு அலுவலகத்துக்குப் போன ஒவ்வொரு முறையும் அது வேண்டும், இது வேண்டும், சாட்சி வேண்டும் என்றார்கள். லயத்துப் பெண்கள், பொம்பளைப் பிள்ளைதானே, செல்வியைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கட்டுமே என்று ஆறுதல் போலச் சொன்னார்கள். அன்று அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அம்மா அவரிடம் சொன்னார்:

"பத்திரம் எப்ப வேணா வரட்டும். வர்ற அன்னைக்கு இவ வயசுப் பிள்ளைங்களோடதான் இவ உக்காரணும். சின்னப் பிள்ளைங்களோட உக்கார விடமாட்டேன்."

மூன்றாம் பாரம், அதாவது ஒன்பதாம் வகுப்பு வரை படித்திருந்த அம்மாவுக்கு எப்படிக் கற்றுத்தர வேண்டுமென்று யாரும் சொல்லித்தரவில்லை. தோட்டத்து வேலை நடக்கிற முறை மட்டும் தெரியும். விடிவதற்கு முன்னால் ஆட்கள் கூடி, கங்காணியான மண்டோர் பெயர் வாசித்து வேலை பிரித்துக்கொடுப்பதைத் தோட்டத்தில் "பெரட்டு" என்பார்கள். அப்பா அதற்குக் கிளம்பிப்போனதும் எங்கள் வீட்டிலும் ஒரு "பெரட்டு" நடக்கும். மலர், குமார், செல்வி என்று அம்மா பெயர் கூப்பிடுவார். இன்னும் பேச்சு வராத செல்விக்காக நான்தான் "இருக்கேன்" சொல்ல வேண்டும். பிறகு வேலை பிரிப்பார். எனக்கு வாசிப்பு. மூன்று வயதுக் குமாருக்கு, பழைய ரப்பர் பால்மரங்களின் அடியில் பொறுக்கிவந்த கொட்டைகளைப் பெரியது சிறியது பார்த்து இரண்டு பால் டின்களில் போடும் வேலை. கொட்டை விழுந்தால் டின் சத்தம் போடுமே, அதனால் டின்னுக்குள் பழந்துணி திணித்திருப்பார். அவ்வளவு முன்யோசனை அம்மாவுக்கு.

செல்வி குறைமாதத்தில் பிறந்தவள், இலை அசைந்தால் எழுந்துவிடுவாள். எழுந்தால் அழுகை, அழுதால் அன்றைய காலை போயிற்று. ஆகவே எங்கள் வீட்டில் பாடமெல்லாம் கிசுகிசுப்பில்தான் நடந்தது. அம்மா ஒரு கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே என் காதருகே வாசிப்பார், நான் அவர் காதருகே திருப்பி வாசிப்பேன். வாய்ப்பாடும் அப்படித்தான். தப்பாகச் சொன்னால் தொடையில் ஒரு கிள்ளு விழும், அதற்கும் கத்தக்கூடாது. குமாருக்கும் எனக்கும் சண்டை வந்தால்கூடச் சத்தமில்லாமல் முடியைப் பிடித்து இழுத்துக்கொள்வோம்.

அவள் அழாமல் முழித்த நாட்களில் மடியில் கிடத்திப் பால் கொடுத்துக்கொண்டே அதே கிசுகிசுப்பில் கணக்குச் சொல்வார். மீனவர் ஊரான பாசிர் பெனம்பாங்கிலிருந்து அப்பா வாங்கிவரும் நெத்திலிக் கருவாட்டைத் தலை கிள்ளிப் பத்துப் பத்தாகப் பிரித்துவைத்துக் கூட்டல், கழித்தல், பெருக்கல் எல்லாம் முடித்து, அதே நெத்திலியை மத்தியானம் குழம்பில் போட்டுவிடுவார். எழுத்துப் பயிற்சி சிமெண்ட் தரையில் சாக்கட்டியால். செல்வி தவழ ஆரம்பித்த பிறகு நான் எழுத எழுத அவள் வயிற்றாலேயே அழித்துக்கொண்டு வருவாள். அவளுக்கு எட்டாத மூலை பார்த்து எழுதியே என் கையெழுத்து சின்னதாகிப் போனது.

ஒன்பது வயதில் பத்திரம் வந்தது. அப்பா அதைச் சாமி படத்தின் முன்னால் வைத்து, பிறகு என் கையில் கொடுத்தார். மறுநாளே எல்லாரும் பஸ் ஏறிப் பள்ளிக்குப் போனோம். பஸ் ஆட்டத்தில் செல்வி அம்மாவின் தோளில் தூங்கிவிட்டாள்.

தலைமையாசிரியர் கெட்டவர் அல்லர். என்னைப் பக்கத்தில் அழைத்து, என் வயதுக்குரிய மூன்றாம் ஆண்டுப் புத்தகத்தைப் பிரித்து ஒரு பக்கத்தை வாசிக்கச் சொன்னார். எனக்கு அதில் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. பிழையில்லாமல் வாசித்தேன், எனக்குத் தெரிந்த ஒரே விதத்தில். அவர் காதைக் கிட்டே கொண்டுவந்தார். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். உதடு அசைந்தது, குரல் வரவில்லை. வாசிப்பதற்கென்று எனக்கு வேறு குரல் இருக்கவில்லை.

"வாசிக்க வரலம்மா. பரவால்ல, ஒன்னாம் ஆண்டுல உக்காரட்டும். மெதுவாப் பழகிக்கும்" என்று அவர் புத்தகத்தை மூடினார். அப்பா சரி சார் என்று தலையாட்டிவிட்டார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அந்த முகத்தை மறக்க முடியவில்லை. என்ன நடந்திருக்கிறதென்று அவருக்கு அந்த நொடியில்தான் விளங்கியது. தோளில் தூங்கும் குழந்தையை ஒருமுறை பார்த்தார். பிறகு அவரே புத்தகத்தை எடுத்து என் கையில் பிரித்துக் கொடுத்து, அந்த அறையே அதிரும்படி சொன்னார்:

"மலரு, சத்தமாப் படி. பாப்பா எந்திரிச்சா எந்திரிக்கட்டும்."

பாடத்தில் அம்மாவின் முழுக் குரலை அன்றுதான் முதல்முறை கேட்டேன். செல்வி திடுக்கிட்டு எழுந்து வீறிட்டாள். அந்த அழுகைக்கு மேலே நான் வாசித்தேன். தொண்டை வலித்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, பக்கம் முடிந்தும் நிறுத்தாமல் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். வெளியில் போன ஆசிரியை ஒருவர் கதவருகே நின்று பார்த்தார். போதும் போதும் என்று தலைமையாசிரியர் இரண்டு முறை சொன்ன பிறகுதான் நிறுத்தினேன். மூன்றாம் ஆண்டில் போட்டார்கள். திரும்பும் வழியெல்லாம் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அந்த லயங்கள் இப்போது இல்லை. இடித்து, நிரவி, வீடமைப்புப் பகுதியாக்கிவிட்டார்கள். பெரட்டுக்களமும் இல்லை, அப்பாவும் அம்மாவும் இல்லை. செல்வி கிள்ளானில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள். எல்லாம் போயின, முதலில் போயிருக்க வேண்டிய ஒன்று மட்டும் போகவில்லை. நான் குடியிருக்கும் புக்கிட் செந்தோசாவில், எங்கள் வீட்டு வரிசையிலேயே, எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி பள்ளி நேரத்தில் கம்பிக்கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவளுக்கும் பத்திரம் இல்லை. நான் வீட்டில் படித்தவள் என்று யார் சொன்னார்களோ, போன மாதம் அவளுடைய அம்மா இடுப்பில் கைக்குழந்தையோடு வாசலில் வந்து நின்றாள்.

"நானே சொல்லிக் குடுக்கலாம்னு பாக்குறேன்க்கா. இவன் தூங்குற நேரமாப் பாத்து ஆரம்பிச்சா சரியா வருமா?"

வேண்டாம், அவன் முழித்திருக்கும்போதே ஆரம்பி, கத்தினால் கத்தட்டும் என்றேன். பையன் அவள் தோளைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். சிறுமியை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தோம்.