அழக் கூடாத ஏழு நாள்

சன்னாசிக்கு வலக் கண் போய்ப் பதினோரு வருசம் ஆகியிருந்தது. ரப்பர் மரத்துக் கிளை குத்திப் போனது. 1974இல் மிச்சமிருந்த இடக் கண்ணிலும் புரை விழுந்தது. ரப்பர்ப் பால் வெட்டுகிறவனுக்குக் கண் மங்கினால் கத்தி பட்டையைத் தாண்டி மரத்துக்குள் போய்விடும். வேலையை மேற்பார்க்கிற மண்டோர் இரண்டு தடவை ஏசிவிட்டான். மூன்றாவது தடவை வேலை போகும், அதோடு தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரசர் சதாசிவம் அவனை ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டர் சொன்னதைத் தமிழில் சொன்னார்.

“அறுத்துத் தையல் போடுவாங்க. ஏழு நாள் மல்லாந்து கிடக்கணும். தலைக்கு ரெண்டு பக்கமும் மணல் மூட்டை. இருமப்படாது, அழப்படாது. தையல் விட்டா இருக்கிற கண்ணும் போச்சு.”

வீட்டில் பெண்டாட்டி இருளாயி வீங்கிப்போன காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நெஞ்சு நோய்க்காரி.

“உன்ன இப்படி விட்டுட்டா போறது? அடுத்த மாசம் பாக்கலாம்லா.”

“அடுத்த மாசம் நான் ஓடிப் பிடிச்சு ஆடப்போறனா? போய்யா. நீ எப்ப அழுத? எங்கப்பன் செத்தன்னிக்கே ரெண்டு தட்டுச் சோறு தின்ன ஆளு!”

அவளே பழைய சட்டைக் கைகளில் மணலை ரொப்பி, அவன் தலைக்கு இரண்டு பக்கமும் வைத்து ஐந்து நாள் பழக்கினாள். அசைந்தால் அகப்பைக் காம்பால் முட்டியில் ஒரு தட்டு. அதற்கப்புறம்தான் அவன் அறுவைக்குச் சம்மதத் தாளில் கைநாட்டு வைத்தான்.

அறுவை முடிந்த மூன்றாம் நாள் காலை, இருளாயியின் தம்பி ஐயாவு வார்டுக்கு வந்தான். சன்னாசிக்கு இரண்டு கண்ணிலும் கட்டு.

“மச்சான், ஒண்ணு சொல்லப்போறேன். அழப்படாது.”

அதிலேயே தெரிந்துவிட்டது.

“எப்ப?”

“விடியக்காலம். சாயங்காலம் நாலு மணிக்குத் தூக்கணும். லோரி கொண்டாந்திருக்கேன். டிரசர் வேணாங்கிறாரு. நீ சொல்லு.”

மண் ரோட்டில் லோரி குதிக்கிற குதி அவனுக்குத் தெரியும். போனால் கண் போகும். கண் போனவனை எந்தத் தோட்டம் வைத்துக்கொள்ளும்? போனாலும் அவள் முகத்தையா பார்க்கப்போகிறான், கட்டோடு? இத்தனையும் சரியான கணக்குத்தான்.

“நீயே கொள்ளி வச்சிரு.”

ஐயாவு போனபின் கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாயால் மூச்சுவிட்டபடி கிடந்தான். சாயங்காலம் தாதி வந்துதான் விரல்களைப் பிரித்துவிட்டாள்.

கண் தப்பியது. பதினாறாம் நாள் காரியத்துக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த சோடாபுட்டிக் கண்ணாடியோடு வந்து உட்கார்ந்தான். எல்லாம் பெரிசு பெரிசாக, மூக்குக்கு நேரே நின்றன. லயமே முணுமுணுத்தது.

“பொண்டாட்டிக்கு ஒரு சொட்டு விட்டானா பாரு.”

சிம்பாங் பூலாயில் கட்டிக்கொடுத்த மகள் பாப்பா சாப்பாட்டுத் தட்டோடு எதிரே வந்து நின்றாள். அழுது அழுது முகம் உப்பியிருந்தது.

“ஒரு எட்டு வந்திருக்கலாம்லப்பா.”

சொல்லத் தெரியாமல் அவள் தலையைத் தடவக் கையை நீட்டினான். கண்ணாடியில் பக்கத்தில் தெரிந்தவள் அவ்வளவு பக்கத்தில் இல்லை. கை எட்டாமல் வெறுங்காற்றில் நின்றது. அப்பா தன்னைத் தள்ளிப் போகச் சொல்கிறார் என்று நினைத்து, தட்டைக் கீழே வைத்துவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.