குறை தீர்ந்த தெரு

மக்களும் நகராட்சியும் மனம்விட்டுப் பேசிக்கொள்ள வேண்டும் என்று மேலிடத்தில் யாருக்கோ தோன்றியதன் விளைவாக இணையத்தில் ஒரு குழு பிறந்தது. மக்கள் மனம்விட்டுத்தான் பேசினார்கள். சில சொற்களை மட்டும் அவ்வப்போது நீக்க வேண்டியிருந்தது. நகராட்சியின் சார்பில் பேச ஓர் ஆள் வேண்டுமே? தட்டச்சு தெரிந்தவர், எதிர்த்துப் பேசாதவர், வீட்டுக்குப் போக அவசரமில்லாதவர் என்ற தகுதிகள் எல்லாம் ஒருங்கே வாய்த்த குமாஸ்தா ஒருவர் அகப்பட்டார். அன்றிலிருந்து அலுவலகத்தில் அவருக்குப் ‘பதில் சார்’ என்று பெயர்.

மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து, ‘நகராட்சி’ என்ற பெயரில் ஊர்ப்பட்ட திட்டுகளை வாங்கிக்கொள்வார். பதிலுக்கு, ‘தங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது’ என்று எழுதுவார். அந்த வாக்கியத்தைப் பொய் என்று நிரூபித்தவர் இதுவரை யாருமில்லை.

அவர் வீடு காலியாகவே நின்றுவிட்டதற்கும் அந்த வாக்கியம்தான் காரணம். மனைவி காலமான மறு வருடம், கட்டிக்கொடுத்த மகள் போன் செய்தாள். அங்கே இனி முடியாது, கிளம்பி வந்துவிடட்டுமா என்று கேட்டாள். வேறு எந்தத் தகப்பனும் அந்த நிமிடமே வரச் சொல்லியிருப்பான். பதில் சாரோ அப்போது வேலையில் இருந்தார். மனசு என்ன சொல்ல நினைத்ததோ, வாய் தன் பழக்கத்தில், “பரிசீலிக்கலாம்மா” என்றது. “சரிப்பா” என்று போனை வைத்தவள்தான். ஊரின் மறுகோடியில் தனியாக வீடு பிடித்துக்கொண்டாள் என்பதுவரை தெரியும். அவர் கூப்பிட்டால் எடுப்பதில்லை.

பிறகு ஒரு மழைநாளில் குழுவில் ஒரு படம் வந்தது. வாசலில் சாக்கடைத் தண்ணீர். ஓரத்தில், எடுத்தவளின் கால். பெருவிரல்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் அடுத்த விரல். அவருடைய மனைவி மகளுக்கு விட்டுப்போன சொத்து அது. கீழே தெருப்பெயரும் கதவு எண்ணும். எழுதியவர் பெயர்: ‘நனைந்த குடிமகள்’.

பதில் சார் பரிசீலிக்கவில்லை. குழாய் மேஸ்திரியைக் கையோடு இழுத்துக்கொண்டு போய்த் தெருமுனையில் நின்று அடைப்பை எடுக்கச் செய்தார். அந்தக் கதவுவரை போகத்தான் கால் வரவில்லை. அடுத்து விளக்கு எரியவில்லை என்று எழுதினாள், எரிந்தது. குப்பை என்றாள், காணாமல் போனது. மேஸ்திரிக்குப் பொறுக்கவில்லை.

“என்ன சார், அந்தத் தெருவுல உங்களுக்கு மாமியார் வீடா?”

“வேலையப் பாருப்பா” என்றார் பதில் சார்.

நகராட்சியின் சரித்திரத்திலேயே முதன்முறையாக ஒரு தெரு முழுசாகச் சரியானது. கூடவே அவர் பிழைப்பில் மண் விழுந்தது. குறை இல்லாதவள் எதற்கு எழுதப் போகிறாள்? அவளுடைய பழைய புகார்களை எடுத்து எடுத்துப் படித்தார். ‘நாறுகிறது’ என்ற சொல்லில்கூட அவள் குரல் கேட்டது. ஒரு குழாயாவது உடையக் கூடாதா என்று ஏங்கினார். ஊரில் எல்லாக் குழாயும் உடைந்தது, அந்தத் தெருவைத் தவிர.

கடைசியில் பொறுக்கமாட்டாமல் நகராட்சியே வலியப் போய் விசாரித்தது: ‘தங்கள் தெருவில் வேறு குறை உண்டா? மழையில் நனைய வேண்டாம். தங்களுக்குச் சளி உடனே நெஞ்சில் இறங்கிவிடும்.’

குழுவே கைகொட்டிச் சிரித்தது. தன் மூட்டுவலியையும் நகராட்சி விசாரிக்குமா என்று ஒருவர் கேட்டார். அவள் மட்டும் மாலையில் ஒரே வரி எழுதினாள்: ‘என் நெஞ்சுச் சளி நகராட்சிக்கு எப்படித் தெரியும்?’

நகராட்சி தன்னை அப்பா என்று சொல்லிக்கொள்ள விதிகளில் இடமில்லை. பதில் சார் நெடுநேரம் யோசித்து, ‘மேலும் விவரங்களுக்கு’ என்று தட்டி, தன் சொந்தக் கைபேசி எண்ணைப் போட்டார். அவளுக்கு மனப்பாடமான எண். பார்த்ததும் புரிந்துகொள்வாள் என்பது கணக்கு. அந்தக் குழுவில் ஊரே இருக்கிறது என்பது ஊர் கூப்பிட ஆரம்பித்த பிறகுதான் உறைத்தது.

நாய்த் தொல்லை, கொசு, பக்கத்து வீட்டுச் சுவர் என்று மணி ஓயவில்லை. கண்ணாடி போடாமல் பெயரைப் படிக்க முடியாது. கண்ணாடியைத் தேடுவதற்குள் நின்றுவிட்டால்? எது அவளாக இருக்குமோ என்று ஒன்று விடாமல் எடுத்து, “சொல்லும்மா” என்றார். பெரும்பாலும் கட்டைக் குரல் ஆண்கள்தான் பதில் சொன்னார்கள்.

சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது மறுபடி அடித்தது.

“சொல்லும்மா.”

“என்னப்பா இது, நேத்துலேருந்து லைனே கிடைக்கல.”

அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. இவர் காத்திருக்கவும் இல்லை.

“வீட்டுக்கு வந்துடும்மா” என்றார்.

அந்தப் பக்கத்திலிருந்து மூச்சு மட்டும் கேட்டது, கொஞ்சம் சளியோடு. நடுவே இன்னொரு குடிமகன் டொக் டொக்கென்று காதுக்குள் தட்டினார். நகராட்சி அதை எடுக்கவில்லை.