லைலின் தலையசைப்பு

அமெரிக்காவின் பர்பாங்க் ஊரில், படப்பிடிப்புக் கூடங்களுக்குப் பின்தெருவில் இருக்கும் பாரில் எனக்குச் சமையல் வேலை. அங்கே மது ஊற்றிக்கொடுக்கும் பார்டெண்டர் லைல் கிம்பிள். யார் எதைச் சொன்னாலும், "இன்னொரு தடவ சொல்லுங்க" என்பார். காது மந்தம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

வாலிபத்தில் அவர் ஒரு விண்வெளித் தொடரில் பார்டெண்டராக நடித்தவர். வசனம் கிடையாது. முன்னால் நாயகர்கள் பேசும்போது பின்னால் இருக்கும் ஆட்கள் மூச்சு விடக் கூடாது. குடிக்க வந்தவராக நடிப்பவர் வெறும் உதட்டை அசைப்பார், பார்டெண்டர் கேட்பதுபோலத் தலையசைப்பார். கண்ணாடி டம்ளரைக்கூடச் சத்தமில்லாமல் வைக்க வேண்டும். அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. அவர் டம்ளர் வைக்கும் சத்தம் இன்றுவரை என் காதில் விழுந்ததில்லை.

மதியம் சாப்பிட வரும் படப்பிடிப்பு லைட்காரர் ரஸ்ஸுக்கும் கூட்டாளிகளுக்கும் ஓயாத தர்க்கம் ஒன்று உண்டு. விண்வெளித் தொடர்களில் வந்த பார்டெண்டர்களில் யார் ஒசத்தி? ஒருவர் நாலு கைக்காரன் என்பார், இன்னொருவர் இயந்திர மனுஷன் என்பார்.

"நாலு கை இருந்து என்னய்யா பண்றது? நம்ம கவலைய கேக்கணும்ல," என்பார் ரஸ். "அதுக்கு நம்ம செவிடன் லைல்தான். அவன் தலையாட்டுனா பாவமன்னிப்பே கெடச்ச மாதிரி."

அப்போதெல்லாம் லைல் துடைத்த மேசையையே திரும்பத் துடைப்பார்.

போன தவக்காலத்தில் அந்தப் பழைய தொடரைத் தொலைக்காட்சியில் மறுபடி போட்டார்கள். லைல் அடுக்களைக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"ஒஃபீலியா, கொஞ்சம் பக்கத்துல வந்து நில்லு. வெண்டல் வர்ற காட்சி இன்னைக்கு."

வெண்டல் அந்தத் தொடரில் எப்போதும் லைலுக்கு எதிரே உட்கார்ந்து உதட்டை அசைக்கும் ஆள். ஒருநாள் கேமரா ஓடிக்கொண்டிருக்கையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிஜமாகவே எதையோ கேட்டிருக்கிறார், சத்தமில்லாமல். பழகிய கை அல்லவா? படத்தைக் கெடுக்காமல் அதையும் நடிப்பாக்கிவிட்டார். லைலும் நடிப்பென்றே எண்ணிப் புன்னகைத்துத் தலையசைத்தார். அன்று சாயங்காலம் வெண்டல் தன் காருக்குள் இறந்து கிடந்தார். என்ன கேட்டார் என்று இத்தனை வருஷமாக லைலுக்குத் தெரியவில்லை. படத்தில் உதட்டைப் பார்த்தாவது தெரிந்துகொள்ளலாம் என்று நம்பியிருந்தார். பார்க்கப் பயந்தே நாளைக் கடத்தியிருந்தார்.

பாரின் தொலைக்காட்சி முன்னால் ரஸ்ஸும் கூட்டாளிகளும் உட்கார்ந்திருக்க, நான் லைல் பக்கத்தில் ஜெபமாலையைப் பிடித்தபடி நின்றேன். காட்சி வந்தது. வெண்டலின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. அதற்கு அப்பால் லைலின் இளம் முகம், கனிவாக, தலையசைத்துக்கொண்டு.

"பாத்தீங்களா, இவன மாதிரி எவன் கேப்பான்?" என்றார் ரஸ்.

"நான் கேக்கல ரஸ்," என்றார் லைல். பிறகு நடந்ததைச் சொன்னார், அன்றிலிருந்துதான் எல்லாரையும் இன்னொரு தடவை சொல்லச் சொல்வதாகவும். திரையில் அடுத்த காட்சியிலும் அந்த முகம் தலையசைத்துக்கொண்டே இருந்தது. நான்தான் போய்த் தொலைக்காட்சியை அணைத்தேன்.

வெண்டலின் ஆத்துமாவுக்காக இப்போது தினமும் ஜெபிக்கிறேன். அவர் கேட்டது கர்த்தருக்குக் கேட்டிருக்கும்.

மறுநாள் ரஸ் வந்து சூப் கேட்டார். லைல் குனிந்து, "இன்னொரு தடவ சொல்லு," என்றார்.

செவிடன் என்று ரஸ் சொல்லவில்லை. நிதானமாக, சத்தமாக, இன்னொரு தடவை சொன்னார்.