சவரி அண்ணன் அன்று மாட்டியது ஐநூறு வாட்

சவரி அண்ணன் இன்று காலை இறந்துவிட்டார். அவர் மகள் ஸ்டெல்லா போன் செய்தாள். மூன்று மணிக்கு அடக்கம்.

நானும் மனைவியும் பாண்டிச்சேரியிலிருந்து மரக்காணம் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறோம். போனில் எழுதுகிறேன்... பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இறங்குவதற்குள் இதை எழுதியாக வேண்டும்.

எழுபதுகளில் எங்கள் ஊர் மாதா கோயில் திருவிழா நாடகங்களுக்கு லைட் போட்டவர் அவர். சம்பளத்துக்குச் செய்த வேலை, உப்பளத்தில் மோட்டார் பார்ப்பது. தகரத்தை வெட்டி அவரே செய்த ஸ்பாட்லைட்டுகள் நாலு வைத்திருந்தார்.

எதற்கு எத்தனை வாட் பல்ப் என்று முடிவு செய்யும் முன், மனிதர் உப்பளத்துப் பக்கம் காதை வைத்துக்கொண்டு நிற்பார். எங்களுக்குச் சிரிப்பு. "என்னண்ணே, அளம் பதில் சொல்லுதா?" என்று கிண்டல் செய்வோம்.

"சிரிங்கடா. அங்க மோட்டாருங்க ஓடுச்சுன்னா நம்ம லைனுக்குக் கரண்டு அழுதுகிட்டுதான் வரும். ஆயிரம் வாட் போட்டாத்தான் மூஞ்சி தெரியும். மோட்டாரு நின்னுடுச்சுன்னா வோல்டேஜ் எகிறிடும். அப்ப இந்தத் தகரம் ஐநூறுதான் தாங்கும்."

அந்த வருஷம் நான்தான் ஹீரோ. கலெக்டர் வேஷம். இருபத்திரண்டு வயது... தலைக்கனத்துக்குக் குறைவில்லை. போதாக்குறைக்கு, எனக்குப் பார்த்திருந்த பெண்ணின் வீட்டார் வேறு நாடகம் பார்க்க வருகிறார்கள்.

ஒரு வாரம் ஒத்திகை நடந்தது. என் முகத்துக்கு ஆயிரம் வாட்.

திருவிழா அன்று அளங்களுக்கு லீவு. எல்லா மோட்டாரும் நின்றிருந்தன. மத்தியானமே அண்ணன் ஏணி போட்டு ஏறி, ஆயிரத்தைக் கழற்றிவிட்டு ஐநூறு மாட்டினார். நான் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாண்ணே, என் சீனுக்கு மட்டும் பாதியா?"

"பாதி இல்லப்பா. நேத்து ஆயிரம் குடுத்த வெளிச்சத்த இன்னிக்கு இதுவே குடுக்கும்." சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

நான் நம்பவில்லை.

ஏறினேன். ஐநூறைக் கழற்றி அட்டைப்பெட்டிக்குள் வைத்தேன். ஆயிரத்தை மாட்டினேன். நேற்றுவரை இதே தகரத்துக்குள் எரிந்த பல்ப்தானே... என்ன ஆகிவிடப் போகிறது?

சாயங்காலம் மூன்றாவது சீனில், ஸ்பாட்லைட்டின் முன்னால் ஒட்டியிருந்த கலர் பேப்பர் பற்றிக்கொண்டது. அடுத்து திரை. மேலே முழுக்கக் கீற்றுப் பந்தல். ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அண்ணன் மெயினை அணைத்துவிட்டு ஏறினார். கொதிக்கும் தகரத்தை வெறும் கையால் பிடுங்கி மணலில் எறிந்தார். பல்ப் தூள்தூளாகிவிட்டது. பந்தல் தப்பியது. அவருடைய வலது உள்ளங்கை வெந்துபோனது.

அந்தக் கையோடு அட்டைப்பெட்டியைத் திறந்து பார்த்தார். ஐநூறு வாட் பல்ப் உள்ளே கிடந்தது.

"மாத்துனேன்னுதானே ஞாபகம்... இது இங்க கிடக்குதே. அப்ப நான் மாத்தலையா?"

ஊர்ப் பெரியவர் ஒருவர் எல்லார் முன்னாலும் கத்தினார். "புள்ள குட்டியோட உக்காந்திருந்தோம். கொளுத்தப் பாத்தியே சவரி!"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். நான் கலெக்டர் சட்டையோடு பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. பெண் வீட்டார் எதிரிலேயே இருந்தார்கள்.

அவர்கள் சம்மதம் சொல்லிவிட்டுப் போனார்கள். இதோ, பக்கத்து சீட்டில் அழுதுகொண்டிருக்கிறாளே, அவள்தான் அந்தப் பெண். அவளுக்கும் இதுவரை தெரியாது.

அதற்குப் பிறகு அண்ணன் லைட் போடவே இல்லை. உப்பளத்தில் மோட்டாரை நிறுத்திவிட்டுப் பத்தடி நடப்பார். நிறுத்தினோமா என்று திரும்பி வந்து பார்ப்பார். மறுபடி வருவார். முதலாளி பொறுத்துப் பார்த்துவிட்டு ஆளை மாற்றிவிட்டார்.

பிறகு உப்பு வாரப் போனார்... அந்தக் கையோடு.

என் கல்யாணத்தில் சாப்பிட்டுக் கை கழுவும்போது கேட்டார். "ஏம்பா, நீ கீழதான நின்னுகிட்டிருந்த. நான் மாத்துனேனா, மாத்தலையா?"

ஸ்டெல்லா கல்யாணத்தில் கேட்டார். பஸ் ஸ்டாண்டில் பார்த்தாலும் கேட்பார். ஒவ்வொரு முறையும் "அட விடுங்கண்ணே, பழைய கதை" என்றேன். இத்தனை வருஷமும் அதே பதில்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். நர்ஸ் வந்தாள். அதைச் சாக்காக வைத்து வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த முறை சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்... பாவி.

பஸ் கீழ்புத்துப்பட்டைத் தாண்டிவிட்டது. இப்போதுதான் போனை மனைவியிடம் கொடுத்தேன். இதுவரை எழுதியதை முழுசாகப் படித்தாள். என் முகத்தைப் பார்க்காமல் திருப்பிக் கொடுத்தாள்.

"இறங்கறதுக்குள்ள போட்டுடுங்க" என்றாள். அவ்வளவுதான்.

அண்ணே... மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை.

ஸ்டெல்லா, "நீங்க வந்தப்புறம்தான் பெட்டிய மூடுவோம் சித்தப்பா" என்று சொன்னாய். இதைப் படித்த பிறகு என்னை வாசலிலேயே நிறுத்தினாலும் சரிம்மா. நின்றுகொள்கிறேன்.

மூடுவதற்கு முன் நீ மட்டும் அவர் காதருகே குனிந்து சொல்லிவிடு.

"நீங்க மாத்துனீங்கப்பா. கீழ நின்னு பாத்தவரு சொல்லிட்டாரு."